மட்டாஞ்சேரி ஈரமும் ஒரு மின்கிதாரும்

மட்டாஞ்சேரி ஈரத்தை விலை பேசிப் பழகிய ஊர். கிடங்குகள் வரிசையாக நிற்கும் அதன் கடைவீதியில் சுக்கும் மிளகும் ஏலமும் சாக்குச் சாக்காக ஏறி இறங்கிய காலந்தொட்டு, எடையில் சரக்கு எவ்வளவு, நீர் எவ்வளவு என்ற கேள்விதான் இங்கே லாபநஷ்டங்களை நிர்ணயித்து வந்திருக்கிறது. ஏற்றுமதிக்குரிய ‘மலபார் கார்பிள்டு’ மிளகில் ஈரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என்று விதியே வகுத்திருக்கிறார்கள். அத்தகைய ஊரில் குடியிருந்துகொண்டு, இடவப்பாதி மழை பிடித்த மூன்றாம் வாரத்தில், மின்கிதாரின் உறுப்புகள் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டியை நானும் என் தமக்கை மகனும் ஆவலோடு பிரித்து உட்கார்ந்தோம் என்றால், மிளகு வியாபாரிகள் எங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

பெட்டிக்குள் இருந்தவற்றைப் பாயில் பரப்பிப் பார்த்தபோது, வாத்தியத்தின் சாயலைக் காட்டிலும் பழுதுக்குப் பிரித்துப் போட்ட ரேடியோவின் சாயலே மேலோங்கித் தெரிந்தது. மகாகனிப் பலகையில் குடைந்தெடுத்த கனத்த உடல் ஒன்று. மேப்பிள் மரத்தில் இழைத்த கழுத்து. கழுத்தின் முகத்தில் ஒட்டி, மெட்டுகள் பதித்த ஈட்டிப் பலகை. பிருடைகள் ஆறு, குதிரை ஒன்று, செப்புக்கம்பி சுற்றிய காந்தச்சுருள்கள் மூன்று, ரேடியோவில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகிறோமே அதே ஜாதித் திருகுகள் மூன்று, ஒரு பிடி திருகாணிகள். பிருடை, குதிரை, மெட்டு என்பன வீணைக்காரர் வழங்கும் சொற்கள். கிதாரின் உறுப்புகளுக்கும் அவை பிசகின்றிப் பொருந்துவதால் அவற்றையே இங்கு ஆள்கிறேன். வீணைக்கு உள்ளதில் இதற்கு இல்லாதது முக்கியமாகக் குடம். நாதத்தைப் பெருக்கித் தரும் குடமோ, சாதாரணக் கிதாருக்கு இருக்கும் பெட்டியோ இல்லாத இந்த வாத்தியத்தை மின்சாரமின்றி மீட்டினால், அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேளாது.

இவ்வாறு பிரிக்கவும் பூட்டவும் தக்கதாக மின்கிதார் அமைந்தது தற்செயல் அன்று. 1931-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்ற கிதார் வித்துவானும் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற தொழிலதிபரும் சேர்ந்து, மடியில் கிடத்தி வாசிக்கும் ஓர் அலுமினியக் கிதாரில் காந்தச்சுருளைப் பொருத்தினார்கள். அதன் உருவத்தைக் கண்டவர்கள் அதற்கு ‘வாணலி’ என்று பெயரிட்டார்கள். அதற்குரிய காப்புரிமை 1937-இல் கிடைத்தது. பிறகு பெட்டிக் கிதார்களிலும் சுருளைப் பொருத்தியபோது ஒரு சங்கடம் தோன்றியது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சப்தம் பெட்டியை அதிரச் செய்ய, அந்த அதிர்வு தந்திக்கு ஏற, அது மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போக, வாத்தியம் தன் குரலைத் தானே கேட்டு ஊளையிட்டது. இதற்குப் பரிகாரம் பெட்டியையே ஒழித்துவிடுவதுதான் என்று கண்டவர்களில் லெஸ் பால் ஒருவர். அவர் 1940-ஐ ஒட்டி ஒரு பைன் மரக்கட்டையில் தந்திகளையும் சுருள்களையும் பூட்டி, பார்ப்பவர்களின் மனநிறைவுக்காக ஒரு பழைய கிதாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் சிறகுபோல ஒட்டிக்கொண்டாராம். ஆனால் பெட்டியில் அடங்கும் கிதார் நமக்கு வாய்த்ததற்குக் காரணமானவர், கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். கிதார் வாசிக்கத் தெரியாத அம்மனிதர், பழுதான உறுப்பைக் கழற்றி வேறு மாட்டுவதே முறை என்ற ரேடியோக்காரர் புத்தியோடு, கழுத்தைப் பசைபோட்டு ஒட்டும் நெடுநாளைய சம்பிரதாயத்தைக் கைவிட்டு, நான்கு திருகாணிகளால் உடலோடு முடுக்கிவிட்டார். 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தக் கிதாரின் வாரிசுதான் எங்கள் பாயில் கிடந்தது.

கொச்சிக்கு இந்த வாத்தியம் புதியதன்று. மெஹபூப் பாய் என்று ஊரார் இன்றும் உரிமையோடு குறிப்பிடும் மெஹபூபும், கஜல் பாடிய உம்பாயியும் வளர்த்த சங்கீதம் மட்டாஞ்சேரிச் சந்துகளின் சொத்து என்றால், தேவாலயப் பாடற்குழுக்களிலும் ஓட்டல் மேடைகளிலும் வளர்ந்த கிதார் சங்கீதம் நகரம் முழுவதற்கும் பொது. 1970-களின் பிற்பகுதியில் 13 ஏ.டி. என்ற ராக் குழு இங்கே தோன்றியது. 1996-இல் தோன்றிய மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜன், கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை மின்கிதாரில் பிடித்துக் காட்டி நாடெங்கும் பெயர் பெற்றார். நம்மவர்களுக்கு இதிலே வியப்புக்கு இடமில்லை; மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சபாக்களில் மடியில் வைத்து வாசித்ததும் குடமில்லாத மின்வாத்தியந்தானே!

கமகம் என்றதும் மெட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிறது. வீணைக்கு மேளம் கட்டுகிறவர், கரி கலந்த மெழுகுச் சட்டத்தில் 24 பித்தளை மெட்டுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, மெழுகு இளகியிருக்கும்போதே முன்னும் பின்னும் நகர்த்தி ஸ்வரஸ்தானத்தை அமைக்கிறார். அங்கே பிரமாணம் அவருடைய செவி. கிதாரிலோ பிரமாணம் கணிதம். ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கிறது. அந்த இரட்டிப்பைப் பன்னிரண்டு சமப் படிகளாக்க வேண்டுமானால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை 1.05946 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரும். எங்கள் கிதாரின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர் ஆதலின், முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டர் தள்ளியும், பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியான 324 மில்லிமீட்டரிலும் விழுகின்றன. பழைய ஐரோப்பியக் கைவினைஞர்கள் இந்தத் தசமங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. எஞ்சிய நீளத்தைப் 18-ஆல் வகுத்து ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டைப் பதித்துக்கொண்டே போனார்கள். இவ்விதியைத் தம் நூலில் விளக்கியவர், வானநூல் கண்ட கலிலியோவின் தந்தையாரான வின்சென்சோ கலிலி. இவ்விதிப்படி கணக்கிட்டால் பன்னிரண்டாவது மெட்டு பாதிக்கு 2.4 மில்லிமீட்டர் முன்பாகவே நின்றுவிடுகிறது. பிழைதான்; எனினும் பயனுள்ள பிழை. ஏனெனில் தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது அது சற்றே இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடுகிறது. மெட்டு முன்தள்ளி நிற்பதால் மிஞ்சும் சிறிது நீளம் அந்த ஏற்றத்தை ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. இக்காலத்துக் கிதாரில் மெட்டுகள் துல்லியமாக நிற்க, ஈடுசெய்யும் வேலை குதிரையைச் சேர்கிறது. தடித்த தந்திக்குரிய துண்டை அதிகமாகவும் மெல்லியதற்குரியதைக் குறைவாகவும் பின்னுக்குத் தள்ளுவதற்கென்றே ஆறு சிறு திருகாணிகள் அதிலே வைத்திருக்கிறார்கள்.

இனி, தந்தியின் அதிர்ச்சி மின்சாரமாகும் விந்தைக்கு வருவோம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்பில் செய்த ஆறு சிறு காந்தத் தூண்களைச் சுற்றி, தலைமயிரின் பருமனே உள்ள செப்புக்கம்பியை ஏழாயிரம், எண்ணாயிரம் சுற்றுகள் சுற்றியிருக்கிறார்கள். மேலே ஓடும் எஃகுத் தந்தி, காந்தத்தின் அண்மையால் தானும் ஒரு காந்தமாகிறது. அது அசையும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பது 1831-இல் ஃபாரடே கண்ட உண்மை. பிறப்பது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவானதே ஆயினும், ஒலிபெருக்கிக்கு அது போதும். இதிலிருந்து பெறப்படும் சூக்ஷ்மம் ஒன்றுண்டு: சுருள் கேட்பது தந்தி முழுவதையும் அன்று, தனக்கு நேர்மேலே உள்ள அங்குலத்தை மட்டுமே. தந்தி முழு நீளத்தோடு ஆடுவதோடு அமையாமல், இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பிரிந்தும் ஆடி அனுஸ்வரங்களை எழுப்புகிறது. நான்காகப் பிரிந்து ஆடும்போது குதிரையிலிருந்து கால்பங்குத் தொலைவில் அசைவே இல்லாத ஒரு புள்ளி அமைகிறது. அந்த இடத்தில் சுருளை வைத்தால், திறந்த தந்தியின் நான்காம் அனுஸ்வரம் அதற்குக் கேளாமலே போய்விடும். ஒரே கிதாரில் கழுத்தோரச் சுருள் குழைவாகவும் குதிரையோரச் சுருள் கூர்மையாகவும் பேசுவதற்கு அவை நிற்கும் இடமே பிரதான காரணம்.

ஆகவே, மின்கிதாரின் நாதம் அதன் மரத்தில் இருக்கிறதா என்று கிதார்க்காரர்கள் ஓயாமல் நடத்தும் தர்க்கத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சுருளும் அது நிற்கும் இடமும் தந்தியுமே பெரும்பங்கு என்றும், மரத்தின் பங்கு சிறிது என்றும் சொல்வேன். அறை வாடகையைவிடப் பெரிய விலை கொடுத்து அபூர்வ மரம் வாங்குகிறவர்கள் கண்ணுக்காக வாங்குவதாக ஒப்புக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. ஆயினும் மரத்தின் வேலை அற்பமானதன்று. ஆறு தந்திகளும் சுருதி கூட்டி நிற்கும்போது அவற்றின் மொத்த இழுவிசை, ஏறக்குறைய 47 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அதை இரவும் பகலும் தாங்கி வளையாதிருக்க வேண்டும். கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பியைப் புதைத்து அதற்குத் துணைசெய்வது 1920-களிலிருந்து வரும் வழக்கம்.

கழுத்தில் ஒட்டியிருந்த ஈட்டிப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளத்தார் வீட்டி என்று சொல்லும் அந்த மரம் வயநாட்டிலும் நீலகிரியிலும் வளர்வது. பிரேசில் நாட்டு ஈட்டி அரிதாகிப்போகவே 1969 முதல் மார்ட்டின் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கிதார்க் கம்பெனி நம் ஈட்டிக்கு மாறியது. பின்பு உலகமே மாறியது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிதார்க்காரர்கள் எல்லை கடப்பதற்கே அஞ்சியிருந்தார்கள். 2019 நவம்பரில், செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, கடல்கடந்து போய், மெட்டு பதித்துக்கொண்டு மறுபடியும் தாய்நாட்டுக்கே பெட்டியில் வந்து சேர்ந்த மரத்தை என்னவென்று உபசரிப்பது!

இப்பொழுது நீரின் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு வேலை வைத்தது அதுதான். சூளையில் உலர்த்திய மரத்தில் ஈரம் நூற்றுக்கு 8 பங்கு அளவில் இருக்கும். ஆனால் மரம் தன் ஈரத்தைச் சுற்றியுள்ள காற்றோடு சமன்செய்துகொள்ளும் சுபாவம் உடையது. கொச்சியின் மழைக்காலக் காற்றில் சில வாரங்கள் வெறுமையாகக் கிடந்தால் 15 பங்குவரை ஏறிவிடும். ஏறும் நீர் மரத்தின் நார்களை நீளவாக்கில் நீட்டுவதில்லை. அகலவாக்கில் உப்ப வைக்கிறது. 33 சென்டிமீட்டர் அகலமுள்ள மகாகனி உடல் இவ்வகையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலக்கூடும். மெருகு பூசுவது அழகுக்காக என்று நினைத்திருந்த என் மருமகனுக்கு, அது முதலாவதாக நீருக்குப் போடும் அணை என்று விளங்க வைக்க இந்தக் கணக்கே போதுமாயிருந்தது.

விளங்கிய பிறகும் பொறுமை வரவில்லை. காருக்கு அடிக்கும் டூகோ வர்ணத்தை அடைத்த ஒரு ஸ்பிரே டப்பாவை வாங்கி வந்து, “மாமா, ஒரே மத்தியானத்தில் முடித்துவிடலாம்” என்றான். காரணமில்லாத ஆசையும் அன்று; ஐம்பதுகளில் ஃபெண்டர் கம்பெனியே கார் வர்ணங்களைத்தான் தன் கிதார்களுக்குப் பூசிற்று. கொல்லைப்புறத்தில் உடலைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கருநீலம் அடித்தோம். பளபளவென்று நின்றது. நாங்கள் உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள், பாலில் தோய்த்தெடுத்தாற்போல் மேலெல்லாம் வெண்மை படர்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். வர்ணத்திலுள்ள தின்னர் ஆவியாகும்போது, மண்பானையில் கசிந்த நீர் ஆவியாகிப் பானையைக் குளிர்விப்பதுபோல, மரத்தின் மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றின் உஷ்ணம் 28 டிகிரியாகவும் ஈரப்பதம் நூற்றுக்கு 85-ஆகவும் இருக்கும் நாளில், மேற்பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே போதும், காற்றிலுள்ள நீர் பனித்துளியாக அதன்மேல் இறங்கிவிடும். உலரும் வர்ணப் படலத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட அந்த நுண்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. இதே வேலையைச் சித்திரை வெயிலில் மதுரையில் செய்திருந்தால், உஷ்ணம் 35, ஈரப்பதம் 40 என்று கொண்டால், பனி இறங்குவதற்குப் பதினைந்து டிகிரிக்கு மேல் குளிர வேண்டியிருக்கும், வெண்மை தலைகாட்டியிராது. டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த உபதேசங்களில் இவ்விஷயமும் இருந்தது. படித்தது வெண்மை பூத்த பிறகு.

யூதத்தெருவின் பழம்பொருட் கடைகளுக்கு நாற்காலிகளும் பெட்டகங்களும் செப்பனிட்டுக் கொடுக்கும் முதிய ஆசாரி ஒருவரிடம் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் விரலால் தடவிப் பார்த்து, வர்ணம் முழுவதையும் சுரண்டிவிட்டு வாருங்கள், அரக்கு மெருகு போடலாம், ஆனால் மழை விட்டிருக்கும் நாளில் பதினோரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் மட்டுந்தான் கை வைப்பேன் என்றார். நடுப்பகலில் காற்றின் உஷ்ணம் ஏற ஏற அதன் ஈரப்பதம் தாழ்கிறது என்பது பௌதிக நூல் சொல்லும் காரணம். அவர் அதை நூலில் படித்தவர் அல்லர்.

இரண்டு மாலைப்பொழுதுகள் சுரண்டினோம். 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 320 என்று நயமானவற்றுக்குப் போய், இடையில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, படுத்திருந்த நார்ப்பிசிர்கள் எழுந்து நின்று உலர்ந்தபின் மீண்டும் தேய்த்தோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மகாகனியின் மேல் ஊசி குத்தினாற்போல் எண்ணிறந்த குழிகள் தெரிகின்றன. அவை மரம் உயிரோடிருந்த காலத்தில் வேரின் நீர் இலைக்கு ஏறிய குழாய்களின் வாய்கள். அவற்றை மூடாமல் மெருகிட்டால் படலம் உலர உலரக் குழிக்குள் அமிழ்ந்துபோகும் ஆதலால், சாக்குத்தூளில் சிறிது காவி கலந்து, அரக்குக் கரைசலில் குழைத்து ஆசாரி பட்டி பார்த்தார்.

அவலரக்கு என்று மரவேலைக்காரர் சொல்லும் அந்தப் பொன்னிறச் செதில்கள், புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பவை. பெரும்பகுதி வருவது ஜார்க்கண்டிலிருந்து. பழைய 78 சுற்று இசைத்தட்டுகளில் பாட்டைத் தாங்கிநின்ற பொருளும் இதுவே என்பதால், ஒரு வாத்தியத்துக்கு இதைப் பூசுவதில் உறவுமுறை பிசகவில்லை. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் செதிலை இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பஞ்சைப் பழந்துணியில் பொதிந்த ஒரு பொட்டலத்தில் நனைத்து, பொட்டலம் இழுபடாதிருக்க ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு, எட்டு எழுதுவதுபோல ஆசாரி தேய்த்துக்கொண்டே போனார். ஒவ்வொரு தேய்ப்பிலும் படியும் படலம் மிக மெல்லியது. ஆதலின் ஆவியாகும் ஸ்பிரிட்டும் சொற்பம், குளிர்ச்சியும் சொற்பம். தப்பித் தவறி வெண்மை தோன்றினாலும், ஸ்பிரிட் தொட்ட பொட்டலத்தால் ஒருமுறை வருடினால் படலம் இளகி நீரை விட்டுவிடுகிறது. இந்தக் குணமே ஈரநாட்டில் அரக்குக்குள்ள பெருமை.

நான்காம் நாள் மெருகில், அதுவரை சாம்பல் பூத்தாற்போல் கிடந்த மரத்துக்குள்ளிருந்து செந்நிற ரேகைகள் எழும்பி வந்ததைக் கண்டு என் மருமகன், உள்ளே விளக்கேற்றியதுபோல் இருக்கிறதென்றான். வறண்ட மரத்தின் மேற்பரப்பில் நார்களும் அவற்றினிடையே காற்றும் கலந்திருக்கின்றன. ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் தாவும்தோறும் முறிந்து சிதறுவதால் நமக்குத் தெரிவது மேற்புறத்தின் வெளிறல் மட்டுமே. அரக்கின் ஒளிமுறிவெண் 1.52, நாருடையதும் ஏறக்குறைய அவ்வளவே. காற்றிருந்த இடத்தை அரக்கு நிரப்பிவிட்டால் ஒளிக்கு முறிய இடமில்லாமல் மரத்துக்குள் ஆழச் சென்று, அதன் நிறத்தை ஏற்றுக்கொண்டு திரும்புகிறது. மழையில் நனைந்த கருங்கல் கறுப்பாகத் தெரிவதும் இந்த நியாயத்தாலேயே.

பூட்டும் வேலை ஒரு நாளில் முடிந்தது. கழுத்தை நான்கு திருகாணிகளால் முடுக்கி, சுருள்களின் கம்பிகளைத் திருகுகளோடு ஈயம் வைத்துச் சேர்த்து, தந்தி மாட்டி ஒலிபெருக்கியோடு இணைத்தோம். தந்தியின் குரலுக்கு முன் வந்தது ஒரு ரீங்காரம். வீட்டு மின்சாரத்தின் 50 சுற்று. சுருளுக்குத் தந்தியென்றும் மின்கம்பியென்றும் பேதம் கிடையாது. மாறும் புலம் எதுவாயினும் பாடிவிடும். இதற்காகவே 1955-இல் சேத் லவர் என்ற பொறியாளர், எதிரெதிராகச் சுற்றி எதிரெதிர்த் துருவங்களை வைத்த இரட்டைச் சுருளை அமைத்தார். அதில் தந்தியின் ஒலி கூடும், ரீங்காரம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எங்களுடையவை ஒற்றைச் சுருள்கள், ஆகவே கொஞ்சம் ரீங்காரம் எதிர்பார்த்ததே. ஆனால் தந்தியைத் தொட்டதும் அது பாதியாவது தணிய வேண்டும். ஏனென்றால் குதிரையின் அடியில் ஒரு கம்பி தந்திகளைச் சுற்றின் தரைமுனையோடு சேர்ப்பதால், தொடுகிற மனிதனும் தரையோடு சேர்ந்து, தான் வாங்கித் தந்துகொண்டிருந்த சப்தத்தைத் தானே மறைத்துவிடுகிறான். எங்களுக்குத் தணியவே இல்லை. எல்லா ஈயப் பற்றுகளையும் மறுமுறை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் குதிரையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, மெருகிடுகையில் நாங்கள் வெளியே நீட்டி வைத்திருந்த அந்தக் கம்பியின் நுனியிலும் ஆசாரியின் அரக்கு அழகாகப் படிந்திருந்தது. அரக்கு மின்சாரத்தைக் கடத்தாது. ஒருகாலத்தில் மின்சுருள்களுக்கு அதையே காப்பாகப் பூசினார்கள். பேனாக்கத்தியால் நுனியைச் சுரண்டிக் குதிரையை மறுபடி முடுக்கினோம்; தந்தியைத் தொட்டதும் அறை அமைதியாயிற்று.

கடற்கரை ஊரில் இதே வேலையை மேற்கொள்ள நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி எந்த மாதம் வந்தாலும் வரட்டும். மெருகிடுவதைத் தை மாதத்துக்கு ஒத்திவையுங்கள். அதுவரை மரத்தைச் சிமெண்டுத் தரையில் கிடத்தாமல் பரண்மேல் வையுங்கள். குதிரைக்கடியில் உள்ள கம்பி நுனிக்கு, மெருகு தொடங்குமுன்பே ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றி வையுங்கள்.